பழைய லென்ஸில் மேக்ரோ: படம் மங்கினால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துப் பழைய ஸ்டூடியோக்களில் கேட்டுப் பாருங்கள். டார்க்ரூம் மூடிப் பல வருடம் ஆகியிருக்கும், ஃபிலிமைப் பேப்பரில் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜர் மட்டும் பரணில் தூசி படிந்து கிடக்கும். அதில் திருகியிருக்கும் 50 மி.மீ. லென்ஸ் மேக்ரோ படத்துக்கு, அதாவது சின்னப் பொருளை மிக அருகில் பெரிதாக எடுக்கும் படத்துக்கு, அருமையான சரக்கு. எல்-நிக்கார், ரோடகான், காம்பொனான் என்று பெயர் தெரிந்தால் விடவே வேண்டாம். பழுதான ஃபிலிம் ஸ்கேனரின் லென்ஸ், பழைய ஜெராக்ஸ் மெஷின் லென்ஸ், கல்லூரி லேபில் கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப் ஆப்ஜெக்டிவ், ஃபிலிம் கேமராவோடு வந்த சாதாரண 50 மி.மீ. என்று எதை வைத்தும் பூச்சியின் கண் வரைக்கும் போகலாம்.

ஆனால் மாட்டி எடுத்த முதல் படம் பெரும்பாலும் மங்கலாகத்தான் வரும். உடனே "லென்ஸ் சரியில்லை" என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்பதில்லை. பத்துக்கு ஏழு தடவை லென்ஸ் நன்றாகவே இருக்கும். கோளாறு லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டரிலோ, அதிர்விலோ, மாட்டிய திசையிலோ, மூடிய அப்பர்ச்சரிலோ (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) இருக்கும். லென்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்த பிறகுதான் அதன் மேல் பழி போட வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதற்கான வழி.

இது வெறும் அழகுக்காகச் செய்யும் வேலையும் இல்லை. சம்பா பயிரில் தூருக்கு அடியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பூச்சி பயிரைக் கெடுக்கும் புகையானா, அந்தப் புகையானின் முட்டையைத் தின்னும் பச்சை மிரிட் பூச்சியா என்று படத்தில் தெரிய வேண்டும். "தம்பி, மருந்து அடிக்கலாமா வேணாமா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பவருக்கு மங்கிய படத்தை வைத்துப் பதில் சொல்லக் கூடாது. புகையான் மூன்று நான்கு மி.மீ. நீளம்தான். அதன் சிறகு நரம்பு பிரிந்து தெரிய, லென்ஸும் மாட்டிய விதமும் இரண்டுமே சரியாக இருந்தாக வேண்டும்.

முதலில், எதை வைத்துச் சோதிப்பது

பூச்சியை வைத்து லென்ஸைச் சோதிக்காதீர்கள். அது அசையும், உருண்டையாக இருக்கும், எங்கே ஃபோகஸ் விழுந்தது என்றே தெரியாது. தட்டையான பொருள் வேண்டும். கைக்கு எட்டியது ரூபாய் நோட்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத மைக்ரோ எழுத்துகள் அச்சிட்டிருக்கும். புது நோட்டாக எடுத்து, கண்ணாடித் துண்டுக்கு அடியில் வைத்து அழுத்துங்கள்; தாள் சற்று மேடு தட்டினாலும் இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் (சென்சாரில் விழும் பிம்பம் பொருளைப்போல இரண்டு மடங்கு) மூலை மங்கிவிடும்.

கூடவே அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. இது உருப்பெருக்கத்தை அளக்க. ஏ.பி.எஸ்.-சி. என்னும் அளவில் வரும், படம் பதியும் சென்சாரின் அகலம் நிக்கான், சோனி கேமராக்களில் ஏறத்தாழ 23.5 மி.மீ.; கேனானில் 22.3. நிக்கான், சோனியில் படத்தின் அகலத்துக்குள் ஸ்கேலின் 11 முக்கால் மி.மீ. அடங்கினால் நீங்கள் இரண்டு மடங்கில் இருக்கிறீர்கள். இந்த எண் தெரியாமல் லென்ஸோடு லென்ஸை ஒப்பிடவே முடியாது. ஒரு லென்ஸை ஒன்றரை மடங்கிலும் இன்னொன்றை இரண்டரை மடங்கிலும் எடுத்துவிட்டு "இதுதான் ஷார்ப்" என்று தீர்ப்புச் சொல்வதை நிறையப் பார்க்கிறேன்.

மூன்றாவதாகப் பட்டு ஜரிகை. திருபுவனம் புடவையின் முந்தானையில் நூல் நூலாக மின்னும் அந்த ஒளிப்புள்ளிகள் நிறப்பிசிறை (ஓரங்களில் ஒட்டும் பொய் நிறத்தை) காட்டிக்கொடுப்பதுபோல வேறு எதுவும் காட்டாது. வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனையில் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு அப்பர்ச்சருக்கும் ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்தி ஏழெட்டுப் படம் எடுத்து, அதில் நல்லதை மட்டும் கணக்கில் எடுங்கள். சில லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் விழும் இடமே நகர்ந்துபோகும். ஒருமுறை ஃபோகஸ் வைத்துவிட்டு எல்லா ஸ்டாப்பிலும் (அப்பர்ச்சர் படியிலும்) வரிசையாக எடுத்தால், ஃபோகஸ் தவறிய படத்தைப் பார்த்துவிட்டு அந்த ஸ்டாப் மோசம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல இருக்கிறது

விவரம் இருக்கிறது, ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை. எல்லாம் வெளிறிக் கிடக்கிறது. லென்ஸை எடுத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து செல்ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுவதும் மெல்லிய புகைபோல இருந்தால் உள்ளே படலம் படிந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தப் பக்கம் பூட்டிய அலமாரியில் கிடந்த லென்ஸ் எதுவானாலும் இந்தச் சோதனை செய்யாமல் மாட்டக் கூடாது.

ஒரு விஷயம் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஓரத்தில் நாலு பூஞ்சை இழை இருந்தால் படத்தில் வித்தியாசம் தெரிவதே அரிது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அந்தப் புகைப்படலம்தான் படத்தைக் கெடுக்கும். அது இருந்தால் லென்ஸ் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை பிடித்ததை மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். அரிசிப் பாத்திரத்தில் புதைத்து வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், தவிட்டுத் தூசு உள்ளே போய்விடும்.

கண்ணாடி சுத்தமாக இருந்தும் படம் வெளிறினால், வெளிச்சம் வேறு வழியாக நுழைகிறது. எல்-நிக்கார் 50 மி.மீ. எஃப் 2.8 'என்' (N) வகையிலும், பிற்கால ரோடகான், காம்பொனான்-எஸ் லென்ஸ்களிலும் அப்பர்ச்சர் எண்ணை (எஃப் எண்; அது கூடக் கூடத் துளை சிறுக்கும்) இருட்டில் படிப்பதற்காக ஒரு ஒளிச்சன்னல் வைத்திருப்பார்கள். டார்க்ரூமில் உள்ளே எரியும் விளக்கின் ஒளி அதன் வழியாக வெளியே வந்து எண்ணைக் காட்டும். அதே லென்ஸைக் கேமராவில் நேராக மாட்டினால் வெளி வெளிச்சம் அதன் வழியாக உள்ளே வரும். கறுப்பு எலக்ட்ரிக்கல் டேப் ஒரு சுற்று போதும், வெளிறல் போய்விடும். எம்39 எனப்படும் 39 மி.மீ. திருகு அடாப்டர்களின் இணைப்பு இடுக்கையும் அப்படியே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் இணைப்பு முழுவதையும் கறுப்புத் துணியால் மூடி ஒரு படம் எடுங்கள். துணி போட்டதும் படம் தெளிந்தால் எங்கோ ஒளி ஒழுகுகிறது என்று அர்த்தம்.

நடுவில் மட்டும் வெள்ளைத் திட்டு

இது எக்ஸ்டென்ஷன் டியூபின், அதாவது லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளிவைக்கும் வெற்றுக் குழாயின், வேலை. மலிவான டியூபின் உட்சுவர் பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் சாய்வாக வரும் ஒளிக்குப் பளபளக்கும். கேமராவிலிருந்து கழற்றி, ஜன்னல் பக்கம் திருப்பி, சென்சார் இருக்கும் பக்கமிருந்து கண் வைத்துப் பாருங்கள். உள்ளே வளையம் வளையமாக மின்னும். கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினால் பாதிதான் குறையும், அதுவும் சாய்வான ஒளியில் மின்னக்கூடியது. தையல் கடையில் கறுப்பு வெல்வெட் துணி கால் மீட்டர் வாங்குங்கள். அளவாக வெட்டி, பிசிறு உதிராமல் ஓரத்தில் பசை தடவிக் காயவைத்து, பிறகு உள்ளே ஒட்டுங்கள். இதைச் செய்த அன்றே பழைய லென்ஸ் புது லென்ஸ் ஆகிவிடும்.

நடு நன்றாக இருக்கிறது, நாலு மூலையும் மங்கல்

முதல் சந்தேகம் திசை. என்லார்ஜர் லென்ஸ் எதற்காகச் செய்தது என்று யோசித்தால் விடை தானே வரும். டார்க்ரூமில் அதன் திருகுப் பக்கம் சின்ன ஃபிலிமைப் பார்த்திருக்கும், முன்பக்கம் பெரிய பேப்பரைப் பார்த்திருக்கும். அதாவது பின்பக்கம் சின்னதற்கு, முன்பக்கம் பெரியதற்கு. ஒரு மடங்குக்கு மேலே போகும்போது பூச்சி சின்னது, சென்சாரில் விழும் பிம்பம் பெரியது. ஆகவே லென்ஸைத் திருப்பி, திருகுப் பக்கம் பூச்சியைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். எல்-நிக்கார் 50 மி.மீ. 'என்' (N) வகையின் முன் திருகு 40.5 மி.மீ.; அதற்கு ஏற்ற ரிவர்ஸ் ரிங் கிடைக்கும். ஒரு மடங்குக்குக் கீழே என்றால் நேராகவே மாட்டுங்கள். சாதாரண கேமரா லென்ஸுக்கும் இதே கணக்குத்தான்.

ஜெராக்ஸ் லென்ஸ் இதில் விதிவிலக்கு. மூலத்தையும் நகலையும் ஒரே அளவில் எடுக்கவே செய்தது, அதனால் ஒரு மடங்கை ஒட்டி நன்றாக இருக்கும். மூன்று மடங்குக்கு இழுத்தால் மூலை மங்கத்தான் செய்யும். பெரும்பாலும் அப்பர்ச்சரும் மாற்ற முடியாது.

திசை சரி, இருந்தும் மூலை மங்குகிறது என்றால், மூலையில் ஃபோகஸ் வைத்து ஒரு படம் எடுங்கள். மூலை தெளிந்து நடு மங்கினால் அது தளவளைவு. லென்ஸின் குவியும் தளம் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல வளைந்திருக்கிறது. ரூபாய் நோட்டுக்கு அது குறை. உருண்டையான வண்டுக்குப் பெரிய குறை இல்லை, ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல படங்களை அடுக்கிச் சேர்க்கும்போது சமாளித்துவிடலாம். மூலையில் ஃபோகஸ் வைத்தும் மூலை தெளியவில்லையா? இரண்டு ஸ்டாப் மூடிப் பாருங்கள். அப்படியும் தெளியாவிட்டால் அந்த உருப்பெருக்கத்துக்கு லென்ஸ் போதாது.

மூலை மங்காமல் கறுத்துப்போனால் விஷயம் வேறு. லென்ஸின் பிம்ப வட்டம் சென்சாரை நிரப்பவில்லை. மைக்ராஸ்கோப் ஆப்ஜெக்டிவில் இது சகஜம்.

ஒரு பக்கம் தெளிவு, எதிர்ப்பக்கம் மங்கல்

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இரண்டு மடங்கில், எஃப் 4-இல், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 0.12 மி.மீ. மட்டுமே. நோட்டு சென்சாருக்கு இணையாக இல்லாமல் ஒரு டிகிரி சாய்ந்தாலே, 12 மி.மீ. அகலத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 0.2 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அதாவது ஒரு பக்கம் நிச்சயம் மங்கும். கண்ணால் பார்த்து இந்த ஒரு டிகிரியைச் சரிசெய்ய முடியாது.

கண்ணாடியை வைத்துச் செய்யலாம். நோட்டு இருக்கும் இடத்தில் ஒரு தட்டையான முகக்கண்ணாடித் துண்டை வையுங்கள். லைவ் வியூவில் லென்ஸின் பிம்பமே தெரியும்படி ஃபோகஸை நகர்த்துங்கள். அந்த வட்டம் திரையின் நட்டநடுவில் வரும்வரை கேமராவின் சாய்வை மாற்றுங்கள். நடுவுக்கு வந்தால் இரண்டும் இணை. பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே தளத்தில் நோட்டை வையுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு பக்கம் மங்கினால் லென்ஸைத் திருகில் அரைச் சுற்று திருப்புங்கள். எம்39 திருகு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. நகரும், ஆகவே அரைச் சுற்றில் அரை மி.மீ. தள்ளிப்போகும், கேமராவை முன்பின் நகர்த்தும் ரெயிலில் ஃபோகஸைத் திரும்ப வைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த திருகு ஆடினால் சோதனையே பாழ், எனவே குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப் ஒரு சுற்று சுற்றித் திருகுங்கள். இப்போது மங்கல் எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் லென்ஸின் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. மங்கல் இருந்த இடத்திலேயே இருந்தால் லென்ஸ் நிரபராதி. அடாப்டர் கோணலாக இருக்கும், அல்லது பெல்லோஸ் (டியூபுக்குப் பதில் மாட்டும் மடிப்புத் துருத்தி) எடை தாங்காமல் தொங்கும். பெல்லோஸை மேலிருந்து கீழாக நிறுத்தி எடுத்தால் தொங்கல் தீர்ந்துவிடும்.

அப்பர்ச்சரை மூட மூட மங்குகிறது

இதில் கோளாறு எதுவும் இல்லை, ஒளியின் இயல்பு இது. "எஃப் 16 வைத்தால் எல்லாம் ஃபோகஸில் வரும்" என்பது தூரக் காட்சிக்குச் சரி. மேக்ரோவில் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் பெருக்க வேண்டும். இரண்டு மடங்கில் எஃப் 4 என்பது நடைமுறையில் 12. எஃப் 8 என்பது 24. எஃப் 11 என்றால் 33. இருபத்துநாலில் ஒரு புள்ளி சென்சாரில் ஏறத்தாழ 0.03 மி.மீ. வட்டமாகப் பரவிவிடும். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி. சென்சாரின் ஒரு பிக்சல் 0.004 மி.மீ. அளவுதான். எட்டு பிக்சலுக்குப் பரவிய பிறகு எந்த லென்ஸ் போட்டாலும் ஒன்றுதான்.

எஃப் 2.8 என்லார்ஜர் லென்ஸ் பெரும்பாலும் எஃப் 4, 5.6-இல் உச்சத்தில் இருக்கும். முழுக்கத் திறந்தால் ஒளிப்புள்ளிகளைச் சுற்றிப் பூசினாற்போல ஒரு மினுக்கம் வரும். ஒரு ஸ்டாப் மூடினால் மறைந்துவிடும். ஆழம் வேண்டுமென்றால் அப்பர்ச்சரை மூடாமல், ஃபோகஸை நகர்த்திப் பல படம் எடுத்து ஹெலிகான், ஜெரின் மாதிரி மென்பொருளில் சேர்த்துவிடுங்கள். ஆழம் 0.12 என்றால் நகர்த்தல் 0.08 மி.மீ. இருக்கட்டும், படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும்.

அடுக்கிச் சேர்த்துப் பழக நெல்மணியைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. உமியின் மேல் மணிமணியாக வரிசை கட்டிய மேடுகளும் இடையிடையே கண்ணாடி ஊசிபோன்ற ரோமங்களும் இருக்கும். மேடுகள் தனித்தனியாகவும், ரோமத்தின் நுனி முறியாமலும் வந்தால் லென்ஸும் சரி, நகர்த்தலும் சரி. ரோமம் இரட்டையாகத் தெரிந்தால் நகர்த்தும்போது கேமரா பக்கவாட்டில் ஆடியிருக்கிறது. வரிசைக்கு நடுவே மங்கலான பட்டை ஓடினால் இரண்டு படத்துக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறீர்கள்.

ஒரே திசையில் இழுத்ததுபோல, அல்லது இரட்டையாக

அதிர்வு. ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றி எடுங்கள். 1/10-லிருந்து 1/100 நொடிக்குள் மட்டும் மோசமாகி, 2 நொடியில் தெளிந்தால் கேமராவுக்குள் இருக்கும் முகக்கண்ணாடியின் தட்டலோ ஷட்டர் உதைப்போதான். எலக்ட்ரானிக் முதல் திரை (ஷட்டர் உதைப்பைத் தவிர்க்கும் வசதி) இருந்தால் போடுங்கள், டைமரில் எடுங்கள். நீண்ட நொடியிலும் இழுத்தால் அதிர்வு வீட்டிலிருந்து வருகிறது. சீலிங் ஃபேன், கொல்லையில் ஓடும் மோட்டார், ரோட்டோர வீடென்றால் பஸ். மாடி அறையைவிடத் தரைத்தளம் நல்லது, கட்டிலைவிடத் தரையில் பதித்த கருங்கல் நல்லது. இருட்டறையில் ஃபிளாஷ் மட்டும் வைத்து எடுத்தும் படம் இரட்டையாக வந்தால்தான் லென்ஸைப் பார்க்க வேண்டும்.

குறுக்கே இருட்டு வெளிச்சப் பட்டைகள் ஓடினால் எல்.ஈ.டி. பல்பு காரணம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான பல்பு நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள்.

ஜரிகையைச் சுற்றி ஊதாவும் பச்சையும்

ஃபோகஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை என்றால் அது லென்ஸின் அச்சுக் கோட்டில் வரும் நிறப்பிசிறு. ஒரு ஸ்டாப் மூடினால் குறையும். அடுக்கிச் சேர்க்கும்போது முழுக்கப் போகாது. ஓரத்தில் மட்டும் சிவப்பும் நீலப்பச்சையுமாகப் பிரிந்தால் மென்பொருளில் ஒரே சொடுக்கில் சரியாகும். லென்ஸைக் கழித்துக்கட்ட இது காரணம் ஆகாது.

வீட்டில் தெளிவு, வயலில் மங்கல்

லென்ஸ் பாஸ். மற்றது காற்றும் ஈரமும். மார்கழிக் காலையில் வரப்பில் இறங்கினால் பூச்சி குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கும், காற்றும் எழும்பியிருக்காது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் வியர்க்கும், பையை மூடியபடியே அரை மணி வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். நெற்பூ மட்டும் பிடிவாதமானது, காற்று எழும்பும் நேரமாகப் பார்த்து முற்பகலில்தான் திறக்கும். தாளை இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கிளிப் போட்டு நிறுத்தினால்தான் ஆறு மகரந்தத் தாள்களும் பிரிந்து வரும். ஃபிளாஷைக் கால் பங்குக்கும் கீழே குறைத்து, அருகில் கொண்டுவாருங்கள். பவர் குறையக் குறைய ஒளி வெட்டும் நேரமும் குறையும், ஆட்டம் உறைந்துவிடும். முன்னால் வெள்ளை டிஃப்யூசர் இருக்கட்டும், இல்லாவிட்டால் வண்டின் முதுகு பளீரென்று வெள்ளையாகிவிடும்.

இடமும் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டிய 50 மி.மீ. கேமரா லென்ஸுக்கு முன்னால் நாலு சென்டிமீட்டர் அளவு கிடைக்கும், தூருக்கு நடுவே ஒருவழியாக நுழைத்துவிடலாம். பத்து மடங்கு ஆப்ஜெக்டிவுக்குச் சில மில்லிமீட்டர்தான். அதை வயலுக்கு எடுத்துப் போகாதீர்கள், பூச்சியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆப்ஜெக்டிவில் 160 என்று எழுதியிருந்தால் நேராக டியூபில் மாட்டலாம். முடிவிலிக் குறி இருந்தால் நடுவே 200 மி.மீ. அளவில் இன்னொரு லென்ஸ் வேண்டும், இல்லாமல் எடுத்த படத்தை வைத்து அதன் தரத்தைச் சொல்ல முடியாது.

எப்போது கைவிடலாம்

அரைச் சுற்று திருப்பினால் மங்கலும் கூடவே திரும்புகிறது. ஒட்டிய கண்ணாடிகளின் நடுவே வானவில் நிறத்தில் திட்டு விரிந்திருக்கிறது. பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துத் துடைத்த பிறகும் தடம் நிற்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அந்த லென்ஸுக்கு மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம். ரிங்கையும் டியூபையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த லென்ஸுக்கு ஆகும். வெல்வெட் ஒட்டிய டியூப் என்றால் இரண்டு முனையையும் மூடி வையுங்கள், தூசு அதில்தான் முதலில் சேரும்.